‘போனஸ் போயிடும்’ என்ற பூச்சாண்டி

பெங்களூர் சிவாஜிநகர் நாராயண பிள்ளைத் தெருவுக்குள் காரை விட்டு, ஒரு கீறல் இல்லாமல் மறுபக்கம் வெளியே கொண்டுவருகிறவர் பெரிய வித்தைக்காரர். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிப்போகும் டெம்போவும், பஸ் ஸ்டாண்டை நோக்கி முண்டும் பேருந்தும், கிடைத்த சந்தில் மூக்கை நுழைக்கும் ஆட்டோவும் அங்கே யாருக்கும் வழிவிடுவதில்லை. உரசல் அன்றாடம் நடக்கும். உரசிய கையோடு கூடும் கூட்டத்திலிருந்து வரும் இலவச ஆலோசனையும் அன்றாடம்தான்: “க்ளைம் மட்டும் போட்டுடாதீங்க சார், போனஸ் போயிடும்!”

இந்த ஒரு வரியை டிங்கரிங் ஷெட்டில் சொல்கிறார்கள், ஆபீஸில் சொல்கிறார்கள், பாலிசியை விற்ற ஏஜெண்டே சொல்கிறார். படித்தவர், படிக்காதவர் பேதமில்லாமல் எல்லோரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தவர்தான் குறைவு.

முதலில், போனஸ் என்பது நல்ல ஓட்டுநருக்குக் கிடைக்கும் பதக்கம் என்ற நினைப்பு. ஒரு வருடம் க்ளைம் கேட்காமல் இருந்தால் இன்சூரன்ஸ் ரினியூவலில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45. ஐந்தாவது வருடம் முடிந்தால் 50. இதுதான் ஏணி. இந்தத் தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கும் கிடையாது, நம் வண்டியின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதிக்கு மட்டும்தான். தேர்ட் பார்ட்டி பகுதிக்கு அரசு அறிவித்த தொகையை (1000 முதல் 1500 சி.சி. காருக்கு 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்தது 3,416 ரூபாய்) பைசா குறையாமல் கட்டியாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தலைதெறிக்க ஓட்டி ஒருவரை இடித்துத் தள்ளுகிறோம். அவருக்குக் கம்பெனி லட்சக்கணக்கில் நஷ்டஈடு கொடுக்கிறது. அது தேர்ட் பார்ட்டி கணக்கில் போய்விடுவதால் நம் போனஸ் அசையாது. மாறாக, ஒழுங்காக ஓரம்கட்டி நிறுத்திய கார்மேல் மழைக்கு ஒரு மரம் சாய்கிறது. பெங்களூரில் கோடை மழைக்கு மரம் சாயாத வருடம் ஏது? பழுதுக்கு க்ளைம் போட்டால் ஐந்து வருடம் சேர்த்த 50 சதவீதமும் ஒரே நாளில் பூஜ்யம். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு ஏரியாகி, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் நின்ற கார்கள் முழுகினவே, அவற்றின் சொந்தக்காரர்கள் எந்தத் திருப்பத்தில் அஜாக்கிரதையாக இருந்தார்கள்? ஓட்டும் திறமையைப் பார்த்துக் கொடுப்பதென்றால் பிரான்சில் செய்வதுபோலச் செய்ய வேண்டும். அங்கே விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் பிரீமியம் 5 சதவீதம் இறங்கும், தவறு நம்முடையதானால் 25 சதவீதம் ஏறும், தவறு நம்மேல் இல்லையென்றால் ஒன்றும் மாறாது. இங்கே யார் தவறு என்ற கேள்வியே எழுவதில்லை. வாய் திறந்து கேட்டாயா, கேட்கவில்லையா, அவ்வளவுதான் கணக்கு.

சரி, பதக்கமோ இல்லையோ, பணம் பணம்தானே என்பார்கள். பணத்தையே பார்ப்போம். போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதக்காரர் 5,000 கட்டுகிறார். க்ளைம் போட்டால் அடுத்த வருடம் முழு 10,000. பிறகு 8,000, 7,500, 6,500, 5,500 என்று இறங்கி மறுபடி 5,000. கூடுதலாகக் கட்டியது 5,000, 3,000, 2,500, 1,500, 500. ஆக 12,500, 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 14,750. அதுவும் ஒரே தவணையில் போவதில்லை, ஐந்து வருடத்தில் பரவிப் போகிறது. க்ளைம் போட்டவருக்குக் கம்பெனி தன் பங்குக்குக் கொடுக்கும் வேறு தள்ளுபடியைக் குறைப்பதும் உண்டு என்பதால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனாலும் வானம் இடிந்து விழும் தொகை இல்லை.

இப்போது மறுபக்கத் தட்டு. ஆறு வயதான ஒரு கார், முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. எஸ்டிமேட் தாளில் பம்பர் 6,000, ஹெட்லைட் 12,000, ஃபெண்டர் 5,000, பானெட் 9,000, லேபர் 6,000, பெயிண்டிங் 10,000. மொத்தம் 48,000. சர்வேயர் பேனாவை எடுக்கிறார். பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக், பாதி போச்சு. ஃபெண்டரும் பானெட்டும் இரும்பு, ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம் வெட்டு. லேபர் முழுசாக வரும். பெயிண்டிங்கில் கால்பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் மட்டும் பாதி கழிப்பார். கடைசியில் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 31,150. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி எடுத்திருந்தால் இந்த வெட்டுகளில் பெரும்பாலானவை இருந்திருக்காது. இல்லாவிட்டாலும் போனஸ் இழப்பைக் கழித்துப் பார்த்தால் 16,400 லாபம். “போனஸ் போயிடும்” என்று பயந்து இந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தவருக்குப் பெயர் சிக்கனக்காரரா?

அப்படிப் பயந்தவர்கள் நேராகப் போவது சிவாஜிநகர் குஜரிக்கு. பழைய பானெட், பழைய கதவு, பழைய ஹெட்லைட் எல்லாம் கிடைக்கும் சந்தை. கண்ணாலேயே மாடலைச் சொல்லி, உள்ளிருந்து அதே நிறத்தில் ஃபெண்டரை இழுத்துப்போடும் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் தொழிலைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சைடு மிரர் உடைந்ததற்கும் பம்பர் கீறலுக்கும் அங்கே போவதே புத்திசாலித்தனம். நாலாயிரம் ரூபாய் வேலைக்கு க்ளைம் போடுகிறவர் என் கணக்கிலும் ஏமாளிதான். சின்னச் சின்ன க்ளைம்கள் வந்து குவியாமல் தடுப்பதுதான் இந்தப் போனஸ் ஏற்பாட்டின் பயன், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஓன் டேமேஜுக்கு வருடா வருடம் பணம் கட்டிவிட்டு, அரை லட்சம் ரூபாய் பழுதுக்கும் பாயிடம் பேரம் பேசி நிற்பதென்றால் அந்தப் பாலிசி எதற்கு? அதைவிட தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டு மிச்சப் பணத்தை பேங்கில் போடலாமே.

இந்தப் பயத்தை வளர்ப்பதில் கம்பெனிகளுக்கு நஷ்டமில்லை. ரினியூவல் நோட்டீஸில் “உங்கள் போனஸ் 50%” என்று கண்ணில் அடிக்கிற மாதிரி வரும். அந்த 50 சதவீதம் எத்தனை ரூபாய், அதை இழந்தால் மொத்தம் எவ்வளவு போகும் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? போடமாட்டார்கள். பதிலுக்கு, போனஸைக் காப்பாற்ற ஒரு ‘ஆட் ஆன்’ விற்பார்கள். தள்ளுபடியைக் காக்க விலை!

பூச்சாண்டியின் இன்னொரு விளைவு இதைவிட மோசம். க்ளைம் வாங்கிய கையோடு கம்பெனியை மாற்றி, புதிய விண்ணப்பத்தில் “க்ளைம் இல்லை, போனஸ் 50” என்று போட்டுவிடும் பழக்கம். “எல்லாரும் பண்றதுதான் சார்” என்று ஏஜெண்டே டிக் அடித்துவிடுவார். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவருக்குப் பழைய சொந்தக்காரரின் போனஸைத் தூக்கிப்போடுவதும் இதே ரகம். போனஸ் ஆளோடு போவது, வண்டியோடு வராது. காரை விற்றவர் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் தன் அடுத்த காருக்கு அதைப் பயன்படுத்தலாம், வாங்கியவருக்கு அதில் பங்கில்லை. பொய் டிக் போட்ட வருடம் நாலைந்தாயிரம் மிச்சம். பெரிய விபத்து வரும்போது கம்பெனி பழைய பாலிசியைத் தோண்டும். விண்ணப்பத்தில் நாம் கொடுத்த உறுதிமொழியிலேயே, சொன்னது பொய்யென்றால் ஓன் டேமேஜ் பலன்கள் அத்தனையும் ரத்து என்று எழுதியிருக்கும். ஜே.பி.நகரில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மன் வரை போய்ப் புகார் கொடுக்கலாம். கம்பெனிக்காரர் அங்கே முதலில் எடுத்து நீட்டுவது ஏஜெண்ட் அடித்த டிக்கையும் அதற்குக் கீழே இருக்கும் நம் கையெழுத்தையும்தான்.