மான் கறி கேட்டு வராதீங்க

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் பட்டணத்திலிருந்து கார் போட்டு வர்றவங்க எங்க பக்கம் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? மழை பெஞ்சுதா, வெள்ளாமை எப்படின்னு இல்லை. “அண்ணாச்சி, மான் கறி கிடைக்குமா?” குரலைத் தாழ்த்தி, ஒரு சிரிப்போட கேப்பாங்க. கிராமத்துக்காரன்னா வீட்டுல தினம் மானும் முயலும்தான் கொதிக்குதுன்னு நினைப்பு போல. எங்க வீட்டுல கொதிக்கிறது ரசமும் கருவாட்டுக் குழம்பும்தான்.

எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டம், வல்லநாட்டு மலைக்குப் பக்கம். அந்த மலையிலதான் வெளிமான் சரணாலயம் இருக்கு. மொத்தமே 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். இந்தியாவிலேயே வெளிமான் தானா வாழுற தெற்குக் கோடி இடம் இதுதான். ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். இதுல ஆளுக்கு ஒரு கிலோ கேட்டா எத்தனை நாளைக்குத் தாங்கும்?

கேக்குறவங்க சொல்ற நியாயங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

“வெளிநாட்டுல எங்க சொந்தக்காரங்க வீட்டுலயே சமைக்கிறாங்களே, வீடியோவுல பார்த்தோமே.” சரிதான். நியூசிலாந்துல செம்மானை ஆடு மாதிரி வேலி போட்டுப் பண்ணையில வளர்க்கிறாங்க. அந்தக் கறி பரிசோதனை முடிஞ்சு கடைக்கு வருது. அதை வாங்கி அங்க இருக்கிறவங்க மிளகு போட்டு வதக்கினா அதுல ஒரு தப்பும் இல்லை. அது அந்த ஊரு வழக்கம், அந்த ஊரு சட்டம். நம்ம நாட்டுல கறிக்கு மான் பண்ணை கிடையாது. இங்க மான் கறின்னா அது திருட்டு வேட்டைக் கறி, அவ்வளவுதான்.

“நம்ம முன்னோர் சாப்பிட்டதுதானே.” சாப்பிட்டாங்க, மறைக்கல. என் தாத்தா காலத்துல வேட்டை உண்டு. அன்னைக்குக் காடும் உண்டு. இன்னைக்கு மலையைச் சுத்தி ரோடும் மனைக்கட்டும்தான். காட்டைத் தின்னு முடிச்சுட்டு, மிச்சம் இருக்கிற மானையும் திங்க முன்னோரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

“மான் உங்க பயிரை மேயுதே, ஒண்ணு குறைஞ்சா உங்களுக்கு நல்லதுதானே.” இதைக் கேட்டாத்தான் எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். ஆமா, மேயுது. ஐப்பசியில விதைச்சு, கார்த்திகையில தளதளன்னு நிக்கிற உளுந்துல ராத்திரி இறங்கினா காலையில காம்புதான் மிச்சம். பனியில காவல் கிடக்கிறது நான். நஷ்டஈட்டுக்கு மனு எழுதி அலையுறதும் நான். அதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு எங்களோட சேர்ந்து கேட்டா நீங்க நண்பர். என் நஷ்டத்தைக் காட்டி உங்க நாக்குக்கு வழி தேடினா அதுக்குப் பேரு வேற.

இனி சட்டம். 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வெளிமான் முதல் அட்டவணையில இருக்கு. கொன்னாலும், அதோட கறியை வச்சிருந்தாலும் 3 முதல் 7 வருஷம் சிறை. அபராதத்தை 2022 திருத்தத்துல குறைஞ்சது 25,000 ரூபாய்னு ஏத்திட்டாங்க. புள்ளிமானையும் வேட்டையாடக் கூடாது. ‘நான் கொல்லல, வாங்கித்தான் தின்னேன்’னு சொன்னா தப்பிக்க முடியாது. சமைச்ச துண்டா இருந்தாக்கூட, ஹைதராபாத் சிசிஎம்பி மாதிரி ஆய்வகத்துல மரபணுவை வச்சு எந்த மிருகம்னு சொல்லிடுவாங்க.

ஆனா நிஜத்துல மாட்டுறது யாரு? நீங்க இல்லை. நீங்க அதுக்குள்ள சுங்கச்சாவடி தாண்டியிருப்பீங்க. மாட்டுறது உங்க ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டு ராத்திரி மலையேறின கூலிக்காரப் பையன். அவன் பொண்டாட்டி ஜாமீனுக்குத் தாலியை அடகு வைப்பா. கறி உங்களுக்கு, கேஸு அவனுக்கு.

அவன் எப்படிப் பிடிக்கிறான்னும் தெரிஞ்சுக்கோங்க. பைக் கிளட்ச் வயர்ல சுருக்கு போடுவான். இல்லைன்னா கம்பியில மின்சாரம் விடுவான். சுருக்குல மான்தான் விழும்னு யார் சொன்னா? மேய்ச்சலுக்குப் போற ஆடு விழும், காவலுக்குப் போற நாய் விழும். மின்கம்பியை இருட்டுல மிதிச்சா மனுசனும் போவான். அந்த வழியாத்தான் நான் தண்ணி பாய்ச்சப் போறேன்.

இன்னொரு கூத்து: காசை வாங்கிக்கிட்டு ஆட்டுக் கறியை மான் கறின்னு கொடுக்கிறவனும் உண்டு. மசாலாவுல வறுத்த பிறகு உங்க நாக்குக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

ருசிதான் வேணும்னா எங்க பக்கத்துக் கன்னி ஆடு இருக்கு. கருப்பு உடம்பு, முகத்துல வெள்ளைக் கோடு போட்டா பால்கன்னி, செவப்புக் கோடு போட்டா செங்கன்னி. கரிசல் காட்டுல மேஞ்ச ஆடு. ரெண்டு குட்டி போடுறது சாதாரணம், அதனால வெட்டினாலும் இனம் அழியாது. வேம்பூர் செம்மறியும் இருக்கு. ஆனா இங்கதான் உங்க வேஷம் கலையும். திருட்டு மான் கறிக்குக் கேட்ட விலையை எண்ணி வைக்கிற நீங்க, சந்தையில என் ஆட்டுக்கு மட்டும் அஞ்சு நூறு குறைன்னு அரை மணி நேரம் நிப்பீங்க.

அடுத்த கொடைக்கு வாங்க, சந்தோஷம். மான் பார்க்கணும்னா வனத்துறையில கேட்டுட்டு, விடியக்காலையில மலைப்பக்கம் போய்ப் பாருங்க. கறி திங்கணும்னா என் ஆட்டுக்கு உள்ள விலையைக் கொடுங்க. எங்க வீட்டுலயே குழம்பு வச்சுத் தர்றோம். மான் கறின்னு வாயெடுத்தா மட்டும் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது.