எம்.சி.பி. இருக்கே, அப்புறம் ஏன் ஷாக் அடிக்கிறது?

ஜூனில் குற்றாலம் சீசன் தொடங்கினால் செங்கோட்டை வரை சாரல்தான். சுவரில் ஈரம் ஊறிய பழைய வீடுகள்கூட அறைகளாக வாடகைக்குப் போகின்றன. அருவியில் நனைந்து வந்தவர் ஈரக் கையோடுதான் சுவிட்சைத் தொடுவார்.

'அதான் எம்.சி.பி. இருக்கே' என்பார் வீட்டுக்காரர். அது ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டில் இருந்து ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.டி. வீடுகளில் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ட்ரிப் ஆகவில்லையா? அப்போ அது வெறும் அலங்காரம்.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்குகிறதா? பல்பை மாற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். பேஸில் இருக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கலாம்; அப்படியென்றால் அணைத்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். (சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் இப்படி மினுங்கும்.)

மூன்று ஓட்டை சாக்கெட்டைப் பார்த்தே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பின்னால் பச்சை ஒயரே இல்லாத சாக்கெட்டுகள் உண்டு. 2,000 வாட் கீசரை அதில் மாட்டினால், கசிவு தண்ணீர் வழியாகக் குளிப்பவரிடம் வரும்.

போர்டை நீங்களே கழற்ற வேண்டாம். சீசனுக்கு முன் அறைக்கு வெள்ளையடிக்கிற வீட்டுக்காரர்கள், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அதற்கும் முன்பே கூப்பிட வேண்டும்.