எந்தச் செவுளைப் பார்ப்பது?

கட்டுமாவடிக்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்கள். ஆனால், 2014-ல் தொடங்கிய புரோ கபடியில் ஆளையே அல்லவா ஏலம் எடுக்கிறார்கள்! அங்கே எந்தச் செவுளைப் பார்ப்பது?

காலேஜ் டீமில் சடுகுடு ஆடும் பிள்ளையைப் பெற்ற சகோதரிகளே! "என் பையன் ஒரே ஆட்டத்தில் 20 பாயிண்ட் எடுத்தான்" என்று பூரித்துப் போகிறீர்கள். சந்தோஷம். ஆனால், ஆள் தேட வருகிறவர் கேட்பது வேறு. நோஞ்சான் அணியிடம் எடுத்ததா, பலசாலிகளிடமா? எதிரே 7 பேரும் நின்றபோதா, 3 பேர் மிஞ்சியபோதா? அணி இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிவிட்டது. மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும். அப்போது பாடிப் போனானா, பின்வாங்கினானா? கணுக்கால் சிக்கினாலும் துள்ளி நடுக்கோட்டைத் தொடுகிறானா?

இத்தனை பார்த்தும் கணக்குத் தவறுவதுண்டு. 2022-ல் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்ச ரூபாய் கொடுத்து எடுத்த பவன் செஹ்ராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. அணியைத் தூக்கி நிறுத்தியவர் யார் தெரியுமோ? புதுமுகமாகச் சேர்ந்த இளைஞர் நரேந்தர்! அந்த முறைதான் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதிக்குப் போயிற்று.

ஆகவே, பிள்ளையைத் தாராளமாக விளையாட விடுங்கள். பரீட்சைக்கும் தவறாமல் அனுப்புங்கள். விலை சொல்லுகிறவர் கண்ணுக்கு முழங்காலுக்குள் இருப்பது தெரியாது.