கூலி கொடுத்தால் பெயரையும் எடுத்துக்கொள்ளலாமா?

1990 இன் கடைசியில் அமெரிக்காவில் ஒரு நடனப் பாட்டு வெளிவந்தது. பெயர் 'கோனா மேக் யூ ஸ்வெட்'. பெயர் ஞாபகமில்லாவிட்டாலும் கேட்டால் உடனே தெரியும். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் குரல் எல்லோரையும் ஆட வரச் சொல்லி முழங்கும். மைதானம், விளம்பரம், சினிமா என்று 30 வருடங்களுக்கு மேலாக அந்தக் குரல் ஓயவில்லை. 1991 பெப்ரவரியில் பில்போர்ட் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்த பாட்டு அது.

அதைச் செய்தவர்கள் ரொபர்ட் கிளிவில்லெஸ், டேவிட் கோல் என்ற இரட்டையர். குழுவுக்கு 'சி அண்ட் சி மியூசிக் ஃபெக்டரி' என்று பெயர் வைத்தார்கள். அந்த இரண்டு 'சி'யும் இவர்கள் இருவருடைய பெயர்களின் முதலெழுத்துக்கள். தங்கள் பெயரைக் குழுவின் நெற்றியிலேயே எழுதிக்கொண்டவர்கள், பாடிய பெண்ணின் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

வீடியோவில் வாயசைப்பவர் ஸெல்மா டேவிஸ் என்ற மெலிந்த இளம் பெண். குரல் மார்த்தா வொஷ் என்பவருடையது. வேறொரு மாதிரிப் பதிவுக்கென்று அவர் பாடிக் கொடுத்த குரலை எடுத்துத்தான் இந்தப் பாட்டில் ஒட்டினார்கள். மார்த்தா புதியவரும் அல்ல. 1982 இல் 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாட்டால் பிரபலமான 'வெதர் கேர்ள்ஸ்' ஜோடியில் ஒருவர். ஆனால் பருமனான பெண். குரல் வேண்டும், உடம்பு வேண்டாம் என்பதுதான் கணக்கு. அதே காலத்தில் இத்தாலியின் 'பிளக் பொக்ஸ்' குழுவும் இவரைப் பாடவைத்துவிட்டு, வீடியோவில் ஒரு மொடல் அழகியை நிறுத்தியது.

இதைச் சொன்னால் சிலர் உடனே கேட்பார்கள்: "பாடினார், காசு வாங்கினார். பிறகென்ன?"

காசு வேறு, பெயர் வேறு. மேசன் கட்டிய வீட்டுக்கு நாம் கூலி கொடுக்கிறோம். அதற்காக "இந்தச் சுவரை நான்தான் கட்டினேன்" என்று ஊருக்குச் சொல்ல முடியுமா? சொன்னால் அது பொய். கூலி கொடுத்தவன் சொன்னாலும் பொய் பொய்தான். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கூலியை நீட்டிய கையாலேயே உழைத்தவரின் அடையாளத்தைப் பிடுங்கிக்கொள்ள யாரும் நமக்கு அனுமதி தரவில்லை.

இன்னொரு வாதம்: "வீடியோ என்றால் பார்க்க அழகாக இருக்கத்தானே வேண்டும்?" இருக்கட்டுமே! ஸெல்மா ஆடட்டும், கீழே ஒரு வரியில் "குரல்: மார்த்தா வொஷ்" என்று போட்டிருந்தால் எந்த அழகு குறைந்திருக்கும்? ஸெல்மாவைத் திட்டுவதிலும் நியாயமில்லை. அவரும் பாடகிதான், அதே தொகுப்பில் வேறு பாட்டுக்களைப் பாடியிருக்கிறார். தவறு முகத்தில் இல்லை. முகத்தையும் குரலையும் தனித்தனியாக வாங்கி, ஒன்றை மறைத்து விற்றவர்களிடம் இருக்கிறது.

அந்தக் காலத்தின் கோபத்தையும் பாருங்கள். 'மில்லி வனில்லி' என்ற இருவர் தங்கள் பாட்டுக்களைத் தாங்களே பாடவில்லை என்று தெரியவந்ததும் 1990 நவம்பரில் அவர்களுடைய கிராமி விருது பறிக்கப்பட்டது. இசைத்தட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. நல்லது. ஆனால் உண்மையில் பாடிய சார்ள்ஸ் ஷோ, ஜோன் டேவிஸ், பிரட் ஹவல் ஆகியோரின் பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்றுதான் உலகம் கொதித்தது. "பாடியவனுக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று கொதித்தவர்கள் குறைவு.

மார்த்தா வழக்குப் போட்டார். 1994 இல் சோனி நிறுவனத்துடன் இணக்கம் ஏற்பட்டது. பாடியவர் மார்த்தா என்ற குறிப்பை வீடியோவில் சேர்க்குமாறு எம்.டி.வி.யிடம் கேட்க சோனி ஒப்புக்கொண்டது. பாட்டு முதலிடம் பிடித்து மூன்று வருடங்களுக்குப் பிறகு, ஒரேயொரு வரி! அதற்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அதே 1994 இல் அதே குழுவின் 'டூ யூ வோனா கெட் ஃபங்கி' பாட்டில் மார்த்தாவும் ஸெல்மாவும் சேர்ந்தே பாடினார்கள், இருவரின் பெயரும் வந்தது. ஆகவே முதலிலேயே செய்ய முடியாத காரியம் அல்ல அது. செய்ய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காக்காரனை மட்டும் ஏசிவிட்டுப் போக முடியாது. நம் பாடசாலைகளில் என்ன நடக்கிறது? தொண்டர் ஆசிரியை ஒருவர் இரண்டு மாதம் தொண்டை கிழியப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டுப் பழக்குவார். விழா அன்று நிகழ்ச்சி நிரலில் "நெறியாள்கை" என்ற இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர். பிள்ளை பேசும் பேச்சை எழுதியவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கைதட்டுவார். கேட்டால், "இதெல்லாம் கூட்டு முயற்சி சேர்." கூட்டு முயற்சி என்றால் எல்லோருடைய பெயரும் வர வேண்டும். ஒருவருடையது மட்டும் வந்தால் அதற்குப் பெயர் வேறு.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் பழக்கினார், யார் பொன்னாடை வாங்கினார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் பார்த்து எழுதாதே என்று அவர்களிடம் சொல்ல நமக்கு வாய் வேண்டுமென்றால், அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை வாசியுங்கள். உழைத்தவரின் பெயர் இல்லையென்றால் பேனாவை எடுத்து எழுதுங்கள். ஒரு வரிதான்.