தாளின் அடியில் ஒரு பெயர்

ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் பார்ப்பது தலைப்பு. அடுத்துப் பார்ப்பது எழுதியவரின் பெயர். அதை அச்சிட்டவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்க்கிறோம்? பாடநூல் தயாரிப்பில் ஈடுபட்டிருக்கும் நானும், எழுத்துப் பிழை உள்ளதா என்று சரிபார்ப்பதற்காக மட்டுமே அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தேன். ஆனால், அந்தச் சிறிய வரியைப் படிக்காமல் விட்டால் வரலாற்றில் முக்கியமானதொரு பகுதியை இழந்துவிடுவோம் என்பது இப்போது என் உறுதியான கருத்து. 1777ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சான ஒற்றைத் தாள் ஒன்று இதற்குச் சான்று.

1776 ஜூலை 4ஆம் நாள், 13 குடியேற்றப் பகுதிகளின் பேராளர்கள் பிலடெல்பியா நகரில் கூடி, பிரிட்டனிடமிருந்து பிரிவதாக அறிவிக்கும் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டனர். அன்றிரவே ஜான் டன்லப் என்பவர் அதை அச்சிட்டார். அந்தப் படிகளில் மன்றத் தலைவர், செயலாளர் ஆகிய இருவரின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. பிறகு மற்றப் பேராளர்கள் கையெழுத்திட்டபோதும், அவர்களுடைய பெயர்ப்பட்டியல் உடனே அச்சில் வரவில்லை. மன்னரை எதிர்த்துக் கையெழுத்திடுவது ராஜத்துரோகம். அதற்குரிய தண்டனையோ மரணம்.

அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவை நெருங்கியது. பேராளர்கள் பால்டிமோர் நகருக்கு இடம் மாறினர். 1777 ஜனவரி 18ஆம் நாள், கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும் சேர்த்துப் பிரகடனத்தை அச்சிட்டு எல்லா மாநிலங்களுக்கும் அனுப்ப முடிவு செய்தனர். அந்தப் பணியைச் செய்தவர் பால்டிமோரில் அச்சகம் நடத்திவந்த மேரி கேத்தரின் கொடார்ட் என்னும் பெண்மணி. அவர் வெளியிட்டு வந்த ‘மேரிலண்ட் ஜர்னல்’ இதழில் தம் பெயரை ‘எம். கே. கொடார்ட்’ என்று சுருக்கியே போடுவார். அந்த எழுத்துகளைப் பார்ப்பவர்களுக்கு அவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. ஆனால், பிரகடனத் தாளின் அடியில் தம் முழுப்பெயரையும் அச்சிட்டார். போரில் பிரிட்டன் வென்றிருந்தால், அந்த ஒரு வரியே அவருக்கு எதிரான சாட்சியாகியிருக்கும்.

“பிரகடனத்தை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். கையெழுத்திட்டவர்கள் நாட்டின் தலைவர்கள். கொடார்ட் கூலி பெற்று அச்சிட்டவர்தானே?” என்று சிலர் கேட்கலாம். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவதாக, அக்கால அச்சுப்பணி பொத்தானை அழுத்தினால் முடியும் வேலை அன்று. ஒவ்வோர் எழுத்தாக உலோக அச்சுகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி, இடவலம் மாறித் தெரியும் அவற்றை வரிவரியாகக் கோக்க வேண்டும். கோத்த பக்கத்தின்மீது மை தடவி, ஈரமாக்கிய தாளை விரித்து, கைப்பிடியை வலுவாக இழுத்து அழுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு தாளையும் கொடியில் உலர்த்த வேண்டும். ஒரு சொல் தவறினாலும் பழி அச்சகத்தாருக்கே. எழுத்தறிவும் கணக்கறிவும் உடல் உழைப்பும் சேர்ந்த தொழில் அது. கொடார்ட் இத்தொழிலைத் தம் தாய் சாராவுடனும் தம்பி வில்லியத்துடனும் பிராவிடன்ஸ் நகரில் கற்றவர். தம்பி ஓரிடத்தில் அச்சகத்தைத் தொடங்கிவிட்டு வேறோர் இடத்துக்குப் போய்விடுவார். அதை நிலைநிறுத்துவது தாயும் தமக்கையும்தாம். பால்டிமோரிலும் அதுவே நடந்தது. 1774இல் அச்சகப் பொறுப்பை ஏற்ற கொடார்ட், போர்க்காலம் முழுவதும் இதழை நடத்தினார்.

இரண்டாவதாக, அச்சிடுவதா வேண்டாவா என்று முடிவு செய்வதே ஒரு துணிவு. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த கிளமென்டினா ரிண்டை எண்ணிப் பாருங்கள். 1773இல் கணவர் இறந்தபின், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ‘வர்ஜீனியா கெசட்’ இதழைத் தொடர்ந்து வெளியிட்டவர் அவர். மறு ஆண்டு, குடியேற்றப் பகுதி மக்களின் உரிமைகளைப் பற்றி ஜெஃபர்சன் எழுதிய சிறுநூலை அவர் அச்சிட்டார். அந்நூலின் முகப்பில் ஜெஃபர்சனின் பெயர் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எழுதியது என்று மட்டுமே இருந்தது. ஆனால், அச்சிட்டவர் கிளமென்டினா ரிண்ட் என்பது தெளிவாக இருந்தது. எழுதியவர் மறைந்து நின்ற இடத்தில் அச்சிட்டவர் வெளிப்படையாக நின்றார். அவரைக் கூலியாள் என்று ஒதுக்குவது நியாயமாகுமா?

“கணவர் விட்டுச்சென்ற தொழிலைத்தான் இந்தப் பெண்கள் தொடர்ந்தனர்” என்பது இன்னொரு வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. மேரிலண்டின் அனாபொலிஸ் நகரில் 1767 முதல் 1775 வரை ‘மேரிலண்ட் கெசட்’ இதழை நடத்திய ஆன் கேத்தரின் கிரீனும் கணவரை இழந்தவரே. ஆனால், அச்சகம் கைக்கு வருவது வேறு, அதைக் காப்பாற்றுவது வேறு. அவர்களுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பு, தென் கரோலினாவில் எலிசபெத் டிமத்தி என்பவர் கணவரின் அச்சகத்தை ஏற்றார். அவருடைய தொழில் பங்காளியான பெஞ்சமின் பிராங்கிளின், கணவர் அனுப்பிய கணக்குகளைவிட மனைவி அனுப்பிய கணக்குகளே தெளிவாகவும் ஒழுங்காகவும் இருந்தன என்று தம் தன்வரலாற்றில் பாராட்டியுள்ளார். மேலும், கொடார்ட் மணமாகாதவர். அவருக்குக் கணவர் விட்டுச்சென்ற தொழில் என்று எதுவும் இல்லை.

இப்பெண்கள் அனைவரும் ஒரே அணியில் நின்றனர் என்றும் நாம் கருதிவிடக் கூடாது. பாஸ்டன் நகரில் கணவருக்குப் பின் இதழ் நடத்திய மார்கரெட் டிரேப்பர், மன்னரின் பக்கம் நின்றார். 1776இல் பிரிட்டிஷ் படை பாஸ்டனைவிட்டு வெளியேறியபோது அவரும் ஊரைவிட்டுச் செல்ல நேர்ந்தது. அணி எதுவாயினும், தாம் அச்சிட்டதற்கான விலையை இப்பெண்கள் தாமே கொடுத்தனர்.

கொடார்ட் கொடுத்த விலை என்ன? 1775 முதல் அவர் பால்டிமோரின் அஞ்சல் அதிகாரியாகவும் இருந்தார். போர்க்காலத்தில் அஞ்சல் நிலையத்தின் வருமானம் போதாதபோது, கடிதம் கொண்டுசெல்லும் குதிரை வீரர்களுக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து ஊதியம் கொடுத்தார். 14 ஆண்டுகள் உழைத்த அவரை, சுதந்திர நாட்டின் புதிய அரசாங்கம் 1789இல் பதவியிலிருந்து நீக்கியது. ஓர் ஆணுக்கு அப்பதவி வழங்கப்பட்டது. இனி இப்பணியில் பயணங்கள் மிகுதி; ஒரு பெண்ணால் அவற்றை மேற்கொள்ள இயலாது என்பதே சொல்லப்பட்ட காரணம். நகர மக்கள் 200க்கும் மேற்பட்டோர் அவருக்காகக் கையெழுத்திட்டு மனு அனுப்பினர். அவரும் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டன் தலையிட மறுத்துவிட்டார். யாருடைய பெயர்களை அவர் துணிந்து அச்சிட்டாரோ, அவர்கள் உருவாக்கிய அரசு அவருக்கு இடம் தரவில்லை. ஏறு ஏறும் வரை ஏணி வேண்டும். ஏறியபின் அது கண்ணில் படுவதில்லை.

ஆயினும், கொடார்டைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கம் அன்று. எல்லா மனிதரும் சமம் என்று கூறும் பிரகடனத்தை அச்சிட்ட அவர் வீட்டிலேயே, பெலிண்டா ஸ்டார்லிங் என்னும் பெண் அடிமையாக வாழ்ந்தார். 1816இல் கொடார்ட் இறந்தபோது, அவருடைய உயில் பெலிண்டாவை விடுதலை செய்து, தம் உடைமைகளையும் அவருக்கே அளித்தது. அந்த உயிலில் எழுதப்பட்டதால்தான் பெலிண்டாவின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. எழுதப்படாமல் போன பெயர்கள் எத்தனையோ!

எனவேதான் சொல்கிறேன்: வரலாற்றைப் படிக்கும்போது மேடையில் நிற்பவர்களை மட்டும் பார்த்தால் போதாது. சொல்லை எழுதியவர் ஒருவர். அதை ஊரெங்கும் சேர்த்தவர் இன்னொருவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தச் சொல் அறைக்குள்ளேயே அடங்கியிருக்கும். மாணவர்களே, இந்தப் பாடநூலை மூடி வைப்பதற்குமுன் அதன் முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சிறிய எழுத்தில் சில பெயர்கள் இருக்கும். அவற்றையும் ஒருமுறை படியுங்கள்.