மனநிறைவு கடனை அடைக்குமா?



பள்ளிகளில் நடைபெறும் தன்முனைப்புப் பட்டறைகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறுகிறது. பேச்சாளர் ஒரு மாணவனை எழுப்பி, "நீ என்னவாகப் போகிறாய்?" என்று வினவுவார். "விமானி" என்பான் அவன். மண்டபமே கைதட்டும். பேச்சாளர் பெற்றோர் பக்கம் திரும்பி, "பிள்ளைக்குப் பிடித்த துறையில் விடுங்கள். பணம் தானாக வரும். மனநிறைவுக்கு விலை உண்டா?" என்று முழங்குவார். மீண்டும் கைதட்டல். அவருக்குரிய கட்டணம் மட்டும் முன்கூட்டியே உறையில் இடப்பட்டிருக்கும். அவர் அதனை மனநிறைவாக வாங்கிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை!

அம்மாணவனின் ஆசைமீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் சினமெல்லாம் அந்த முழக்கத்தின்மீதுதான். மனநிறைவு ஒரு கணக்கு. ஊதியம் மற்றொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைப்பவன் நம்மை ஏமாற்றுகிறான். இந்த ஏமாற்று ஒரு தொழிலையே எப்படி ஆட்டிப் படைத்தது என்பதற்கு, அமெரிக்காவின் வட்டார விமான நிறுவனங்களைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. விமானி என்றாலே மாளிகையும் மகிழுந்தும் என்று நினைக்கும் நம் பெற்றோர்கள் இதனைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்திலிருந்து பறக்கும் பயணி, டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் முதலிய பெரிய நிறுவனங்களுள் ஒன்றிடம் பயணச்சீட்டு வாங்குகிறார். விமானத்தின் வாலில் அப்பெரிய நிறுவனத்தின் வண்ணமே தீட்டப்பட்டிருக்கும். ஆனால் அதனை ஓட்டுபவர் பெரும்பாலும் வேறொரு சிறிய நிறுவனத்தின் ஊழியர். பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்குகிறது. யார் குறைந்த விலைக்குப் பறக்கிறாரோ அவருக்கே ஒப்பந்தம். எரிபொருளின் விலையைச் சிறிய நிறுவனம் குறைக்க முடியாது. விமானத்தின் குத்தகைப் பணத்தையும் குறைக்க முடியாது. எஞ்சியிருப்பது எது? மனிதனின் சம்பளம்! 2009ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டின் உள்நாட்டுப் பயணங்களில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்ட வட்டார நிறுவனங்களால்தாம் இயக்கப்பட்டன.

அக்காலத்தில் புதிதாகச் சேரும் துணை விமானிக்கு மணிக்கு 22 டாலர் அளவில் கொடுத்தார்கள். கேட்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது? நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் கணக்கைப்போல் இதனைச் செய்து பார்ப்போம். இந்த மணி நேரம் கடிகாரத்து மணி நேரம் அன்று. கதவு மூடப்பட்டு, விமானம் நகரத் தொடங்கியது முதல் சென்றடைந்த இடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம் மட்டுமே. விமானத்தைச் சோதிப்பது, வானிலை அறிக்கை படிப்பது, மூடுபனி விலகக் காத்திருப்பது, அடுத்த பயணத்துக்காக நிலையத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்திருப்பது எதுவும் அந்தக் கணக்கில் சேராது. பன்னிரண்டு மணி நேரம் பணியில் இருந்தவருக்கு ஐந்து மணி நேரக் கூலி என்பது வியப்புக்குரிய செய்தியன்று. மாதத்திற்கு உறுதியளிக்கப்பட்டது 75 மணி நேரம் என்று கொள்வோம். 22ஐ 75ஆல் பெருக்கினால் 1,650. ஓர் ஆண்டுக்கு 19,800 டாலர். வெளியூரில் இருக்கும் நேரத்திற்கு உணவுப்படி சிறிது உண்டு. இதனை ஈட்டுவதற்கு அந்த இளைஞர் பயிற்சிக்காகச் செலவழித்தது இதனைப்போல் பல மடங்கு, பெரும்பாலும் கடனாக.

அப்படியானால் அவர்கள் ஏன் அந்த வேலைக்குப் போனார்கள்? விடை எளிது. பறக்கும் ஆசை அவர்களை விடவில்லை. பெரிய நிறுவனத்தில் நுழைய வேண்டுமெனில் பறந்த மணி நேரம் ஆயிரக்கணக்கில் வேண்டும். அதனைச் சேர்க்கும் இடம் வட்டார நிறுவனம். நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும். இன்னொரு கொக்கியும் உண்டு. விமானிகளின் சம்பளம், பணி நேரம், விடுமுறை, எந்த ஊரைத் தளமாகக் கொள்வது ஆகிய யாவும் பணிமூப்பைப் பொறுத்தவை. ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்குச் சென்றால், பத்தாண்டு அனுபவம் பெற்றவரும் பட்டியலின் அடியில் புதியவராகவே நிற்க வேண்டும். "நான் போகிறேன்" என்று மிரட்டும் வாய்ப்பே அவருக்கு இல்லை. நம்மில் ஓர் ஆசிரியர் மாநிலம் மாறியதும் முதலாண்டுச் சம்பளத்துக்கு இறக்கப்பட்டால் எத்தனை பேர் மாற்றல் கேட்போம்?

2009 பிப்ரவரி 12ஆம் நாள் இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற விமானம் ஒன்று தரையிறங்குமுன் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டனர். பயணச்சீட்டில் காண்டினென்டல் என்னும் பெயர். ஓட்டியது கோல்கன் ஏர் என்னும் வட்டார நிறுவனம். அவ்வாண்டு மே மாதம் நடந்த பொது விசாரணையில்தான் நாடு திகைத்தது. துணை விமானியாக இருந்த 24 வயதுப் பெண், நாட்டின் மறுகோடியில் சியாட்டல் அருகே பெற்றோருடன் வாழ்ந்தவர். பணித்தளத்தை அடைய அதற்கு முந்திய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் இலவச இருக்கையில் அமர்ந்து நாட்டைக் கடந்து வந்திருந்தார். அவருடைய ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 16,000 டாலர் என்று விசாரணையில் முதலில் கூறப்பட்டது. அதனைவிடக் கூடுதல் என்று நிறுவனம் பின்னர்த் திருத்திக் கூறியது. அவர் சிறிது காலம் காப்பிக்கடை ஒன்றிலும் வேலை செய்திருக்கிறார். பயணிகளின் உயிரைக் கையில் ஏந்தியவர், கைச்செலவுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்!

நியாயமாகப் பேச வேண்டும். சம்பளக் குறைவால்தான் விமானம் விழுந்தது என்று நான் எழுதவில்லை. விமானம் வேகம் இழந்ததை உணர்த்தும் எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான முறையில் எதிர்வினை ஆற்றியதே காரணம் என விசாரணைக் குழு 2010இல் முடிவு செய்தது. களைப்பு அவர்களைப் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவு எனக் கூற இயலாது என்பதும் அக்குழுவின் கருத்து. ஆயினும் ஒன்று கேட்கிறேன். பணித்தளத்துக்கு அருகே ஓர் அறை வாடகைக்கு எடுக்க வழியில்லாதவரை நாம் ஏன் அந்த இருக்கையில் அமர்த்தினோம்?

அதே பிப்ரவரி 24ஆம் நாள், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் மற்றொரு விமானி அமர்ந்தார். ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரைக் காப்பாற்றிய சல்லன்பெர்கர். உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த அந்த மனிதர் அங்குத் தம் வீரத்தைப் பற்றிப் பேசவில்லை. தம் ஊதியம் 40 விழுக்காடு குறைக்கப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர வேண்டுமென விரும்பும் விமானி ஒருவரையும் தமக்குத் தெரியாது என்னும் பொருள்படச் சொன்னார். அவர் பணியாற்றியது பெரிய நிறுவனத்தில். அங்கேயே இந்த நிலை என்றால் கீழ்த்தட்டில் எப்படி இருந்திருக்கும்? (நம் ஆசிரியர் அறையில் தம் பிள்ளை ஆசிரியராக வேண்டும் என்று கூறுபவர் எத்தனை பேர் என்று அடுத்த ஓய்வு நேரத்தில் எண்ணிப் பாருங்கள்.)

"அது பழைய கதை, இப்போது அங்கே சம்பளம் உயர்ந்துவிட்டதே" என்று ஒருவர் கேட்கலாம். உயர்ந்ததுதான். என் வாதத்துக்கு அதுவே வலுவான சான்று! 2013 முதல், துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்று சட்டம் வந்தது. (அந்த விபத்தில் இறந்த விமானிகள் இருவருமே அதனைவிடக் கூடுதலாகப் பறந்தவர்கள் என்பது தனிக்கதை.) வேலைக்கு வருவோர் தொகை சுருங்கியது. மூத்தோர் 65 வயதில் ஓய்வு பெற்றனர். விமானிகள் கிடைக்காமல் கிரேட் லேக்ஸ் என்னும் வட்டார நிறுவனம் 2018இல் தன் சேவையை நிறுத்தியது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வு பெறச் செய்தன. பயணிகள் திரும்பியபோது ஆள் இல்லை. 2022இல் அமெரிக்கன் நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் மூன்றும், தற்காலிக ஊக்கத்தொகையையும் சேர்த்து, புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. 22 எங்கே, 90 எங்கே?

இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் விமானியின் வேலை நான்கு மடங்கு கடினமாகிவிட்டதா? அல்லது அவருடைய மனநிறைவுதான் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதா? வானம் அதே வானம். மேகத்துக்கு மேலே சூரியன் உதிப்பதைக் காணும் இன்பமும் அதேதான். வரிசையில் நின்றவர்கள் குறைந்தார்கள், சம்பளம் உயர்ந்தது. அவ்வளவுதான் செய்தி. "பணமில்லை, பணமில்லை" என்று பல ஆண்டு பாடிய நிர்வாகங்களுக்குத் திடீரென்று பணம் எங்கிருந்து வந்தது?

மனநிறைவு பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சரவாக் மாநிலத்தின் உள்பகுதியில் பாரியோ, பாகெலாலான் போன்ற ஊர்களுக்குச் சிறிய டுவின் ஓட்டர் விமானங்கள்தாம் பறந்து வந்திருக்கின்றன. குறுகிய ஓடுபாதை, சுற்றிலும் மலை, நண்பகலுக்குமேல் மேகம். நோயாளியையும் அரிசி மூட்டையையும் பள்ளி ஆசிரியரையும் ஒரே விமானத்தில் ஏற்றிச் செல்லும் விமானிக்குக் கிடைக்கும் நிறைவு, பெரிய விமானத்தில் நாடுவிட்டு நாடு பறப்பவருக்குக் கிடைக்குமா என்பது ஐயமே. தீபகற்பத்திலிருந்து அங்கு மாற்றலாகிச் சென்ற ஆசிரியர்களைக் கேட்டால் அவ்விமானிகளைப் பற்றி மதிப்போடு கூறுவார்கள். அந்த மதிப்பு அவருக்கு உரியது. முழுச் சம்பளமும் அவருக்கு உரியது. முன்னதைக் கொடுத்துவிட்டோம் என்பதற்காகப் பின்னதில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் விமானப் பயிற்சி முடித்து உரிமம் பெறுவதற்குள் மூன்று இலட்சம் வெள்ளி கரைந்துவிடுவது இயல்பாகிவிட்டது. வீட்டை அடகு வைத்தவர்களும், ஓய்வுக்காலத்துக்கென வைத்திருந்த சேமநிதிப் பணத்தைத் துடைத்தெடுத்தவர்களும் நம்மிடையே உள்ளனர். உரிமம் கையில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்து, கிடைத்த வேலைக்குப் போன இளைஞர்கள் நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுகளில் குறைவில்லை. 2020இல் வேலையிழந்த விமானிகள் உணவு விற்றதையும் நாளிதழ்களில் படித்தோம். 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய மைஏர்லைன், ஓராண்டு நிறைவதற்குள் 2023 அக்டோபர் 12ஆம் நாள் ஒரே காலைப்பொழுதில் சேவையை நிறுத்தியது. ஊழியர்களுக்குச் சம்பளப் பாக்கி. வங்கி மட்டும் மனநிறைவை மாதத் தவணையாக ஏற்றுக்கொள்வதில்லை.

மேலும் ஒன்று. உரிமம் என்பது நம் பட்டச் சான்றிதழைப்போல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய தாள் அன்று. மருத்துவச் சோதனையில் ஆண்டுதோறும் தேற வேண்டும். ஓட்டும் திறன் சோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. முப்பது வயதில் இதயத்திலோ கண்ணிலோ ஒரு கோளாறு என்றால் தொழிலே நின்றுவிடும். கடன் நிற்காது. தன்முனைப்புப் பேச்சாளர் எவரேனும் இதனைச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

ஆசிரியர்களாகிய நமக்கு இந்தத் தந்திரம் புதியதன்று. "அறப்பணி" என்னும் ஒரு சொல்லைக்கொண்டு நம்மிடம் எத்தனை வேலை வாங்கப்பட்டிருக்கிறது! அது மட்டுமா? தனியார் நடத்தும் பாலர்பள்ளிகள் பலவற்றில் நம் தங்கைமார்கள் எவ்வளவு சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உயர்த்தித் தாருங்கள் என்றால் நிர்வாகத்தினர் கூறும் விடை யாது? "குழந்தைகளோடு இருப்பதே ஒரு பாக்கியம்." கோல்கன் நிறுவனத்தின் அலுவலகத்தில் கூறியிருந்தாலும் இதனை இதைவிட அழகாகக் கூறியிருக்க மாட்டார்கள். விமானியின் கதையைப் படித்து வருந்தும் நம் சங்கப் பொறுப்பாளர்கள், அடுத்த கூட்டத்தில் அந்த ஆசிரியைகளின் சம்பளத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கட்டும்.

விமானியாக வேண்டும் என்று உங்கள் பிள்ளை சொன்னால் தடுக்காதீர்கள். பயிற்சி நிலையத்தாரிடம் சென்று விளம்பரத் தாளை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேளுங்கள். கடந்த மூன்றாண்டுகளில் இங்கிருந்து உரிமம் பெற்றவர் எத்தனை பேர்? அவர்களுள் இன்று விமானம் ஓட்டிக்கொண்டிருப்பவர் எத்தனை பேர்? பெரிய விமானத்துக்கான தகுதிப் பயிற்சியின் செலவு இக்கட்டணத்தில் அடக்கமா, தனியா? முதலாண்டுச் சம்பளம் பறந்த நேரத்துக்கா, மாதத்துக்கா? நிறுவனம் மூடப்பட்டால் ஒப்பந்தக் கடனை யார் கட்டுவது? விடைகளை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்து, "முதலில் பிள்ளையின் கனவைப் பாருங்கள் ஐயா" என்று அவர்கள் பேசத் தொடங்கினால், முன்பணக் காசோலையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.