பச்சைக் கம்பளம் என்னும் பொய்

மூடுபனி, சரிவெங்கும் தேயிலைப் பசுமை, அதனிடையே வண்ணப் புள்ளிகளாய்ச் சில பெண்கள். இத்தகைய ஓவியமொன்றைக் காட்டி, "இது எழுப்பும் உணர்வு யாது?" என்று என் வகுப்பில் வினவினேன். "அமைதி", "இயற்கையின் எழில்" என்றே பெரும்பாலோர் எழுதினர். அவர்களிற் பலர் லயத்துக் காம்பராக்களிலிருந்து வருபவர்கள்! தாய் நனைந்த படங்குடன் வீடு திரும்புவதை அன்றாடம் காணும் பிள்ளைகள், படத்திலுள்ள பனியை அமைதி என்று படிக்கின்றனர். அப்படிப் படிக்கக் கற்பித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

அந்தப் பசுமை இயற்கையன்று. தன் போக்கில் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்து பறிக்கும் விரல்களுமே அதை இடுப்பளவில் நிறுத்திச் சமன் செய்கின்றன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைத் தோட்டம் அமைத்த நாள்முதல் இன்றுவரை இதுவே உண்மை. ஓவியர் கம்பளம் என்று கருதித் தீட்டுவது தலைமுறைகளின் உழைப்பை.

"கலையில் அரசியலைத் தேடாதீர்" என்பர் சிலர். உழைப்பவரைப் புள்ளியாக்கி மலையை மட்டும் பெரிதாக்குவது அரசியலன்றி வேறென்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கிற்று. 2003இல் சட்டம் திருத்தம் கண்டது. நம் கண்கள் இன்னும் திருந்தவில்லை.

நிலத்தை நோக்கும் முறையைத் தமிழன் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவையும் தொழிலையும் கருப்பொருளில் வைத்தார். மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருளாக்கினார். தொழிலும் மாந்தரும் இல்லாத மலை திணையாகாது.

பிரெஞ்சு ஓவியர் மிலே 1857இல் காட்சிக்கு வைத்த 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தைப் பாருங்கள். குனிந்த மூன்று பெண்களே படத்தை நிறைக்கின்றனர். குவிந்த விளைச்சல் அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இருக்கிறது. அங்கே குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன். வயலின் ஒளி அழகியதுதான். ஆனால் அவ்வழகு உண்மையை மறைக்கவில்லை. ஆகவேதான் அன்றைய மேட்டுக்குடி விமர்சகர்கள் சினந்தனர்.

ஆசிரிய நண்பர்களே, இனி வினாவை மாற்றுவோம். இந்தப் பனியைக் காண்பவர் எங்கே நிற்கிறார்? துரை பங்களாவின் விறாந்தையிலா, கொழுந்து நிரையிலா? லயம் எங்கே? கொழுந்து நிறுப்பவன் எங்கே? இவற்றைக் கேட்டபின்னும் ஒரு மாணவி "அமைதி" என்றே எழுதினால், யாருடைய அமைதி என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். அவள் எழுதும் விடையைப் படிக்கும் துணிவு நமக்கு வேண்டும்.